வயிறு நிறைந்த செடி கூப்பிடாது

மெர்சி என்னைக் கொலைகாரன் என்றாள். காக்களூர் தொழிற்பேட்டையில், கம்பெனி வாசலில், டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாள். வருஷம் பல ஓடிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினால் எனக்குக் காது சூடாகிறது.

அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? லோடு எடுத்துக்கொண்டு போனேன். என்னிடம் ஒரு குட்டியானை வண்டி இருக்கிறது. அந்தக் கம்பெனியில் நுண்ணுயிர் உரம் செய்கிறார்கள். பார்க்கக் கரித்தூள் மாதிரி கருப்பாக, லேசான ஈரத்தோடு இருக்கும். பாக்கெட்டில் அடைத்து அட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பார்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை என்று உரக்கடைகளில் இறக்கிவிட்டு வர வேண்டும். அன்றைக்குச் சித்திரை வெயில். கும்மிடிப்பூண்டிக் கடை பூட்டிக் கிடந்தது. புதுவாயலுக்குத் திரும்பி வந்து சாப்பிட்டேன். புளியமரத்தடியில் கொஞ்சம் கண் அசந்தேன். நிழல் எனக்குப் பத்தியது, வண்டிக்குப் பத்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது. சாயந்திரம் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

மெர்சி பெட்டி மேல் கையை வைத்தாள். அடுப்பைத் தொட்டவள் மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“கோடிக்கணக்குல உசுருண்ணா. அத்தினியையும் கொன்னுட்டு, இன்னாமோ கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தவன் மாதிரி நிக்கிறியே!”

“மண்ணும்மா அது. மண்ணு வெயில்ல காஞ்சா இன்னா?”

“அப்ப நீ மட்டும் ஏன் நிழல்ல போய்ப் படுத்தே? கொலகாரன்!”

டீக்கடையில் ஒருத்தன் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தான். ஊரில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நெல் நிலம் உண்டு. தணிகாசலம் என்றால் தெரியாதவர் இல்லை. மெர்சி மாதிரி வீட்டுப் பெண்கள் எங்கள் சேற்றில் நாற்று நட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதுவும் சேர்ந்துதான் உறுத்தியது, மறைப்பானேன்.

மெர்சிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பத்தாவது வரை படித்தவள். கம்பெனியில் அந்த உயிர்களை வளர்க்கிற ரூமில் வேலை. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவாள், அவிப்பாள், காயத்ரி மேடம் சொல்கிறபடி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவாள். காயத்ரி மேடம் அதற்கென்றே படித்தவர். மெர்சியின் வீட்டுக்காரர் சாம்சன் அதே பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டிங்கில் ஷிப்ட் பார்த்தார். நல்ல மனுஷன். பெண்டாட்டி பேசும்போது தலையை ஆட்டுவார், காது மட்டும் போனில் இருக்கும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கம்பெனியில் புதுச் சட்டம் போட்டார்கள். பெட்டிகளுக்கு மேல் ஈரச் சாக்கு போர்த்த வேண்டும், வண்டியை வெயிலில் நிறுத்தக் கூடாது. அடுத்த லோடுக்கு மெர்சியும் கூடவே ஏறிக்கொண்டாள். என்னைக் காவல் காக்கவா, வேறு வேலையா என்று நான் கேட்கவில்லை. பெரியபாளையம் வரைக்கும் வாயே திறக்கவில்லை. அங்கே கோயில் கூட்டம். வண்டி நகரவில்லை. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் ஹாரனையே அமுக்கிக்கொண்டிருப்பான்?

“உள்ள இன்னாதாம்மா கீது? ஒரு ஆள கொலகாரன்னு சொல்ற அளவுக்கு?”

“ரைசோபியம்ணா. கண்ணுக்குத் தெரியாத உசுரு. பயறு, கடலை, காராமணி வேர்ல பூந்து ஊடு கட்டிக்கும். காத்துல இருக்குற தழைச்சத்த இழுத்து செடிக்கு சோறு ஆக்கிப் போடும். செடி அதுக்கு சக்கர குடுக்கும்.”

“மண்ணுல ஆயிரம் பூச்சி கீது. இது மட்டும் எப்படிக் கரெக்டா அந்த வேர்ல போய் ஒட்டிக்கும்?”

மெர்சி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லாமல் அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“செடி மிஸ்டு கால் குடுக்கும்ணா.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நெஜமாத்தான் சொல்றேன். பசி எடுத்தா வேரு ஒரு சரக்க கசியவுடும். அது மண்ணு ஈரத்துல கரைஞ்சு நாலாபக்கமும் போவும். மத்த பூச்சிக்கெல்லாம் அது ஒன்னியும் இல்ல. இதுக்கு மட்டும்தான் யாரு நம்பருன்னு தெரியும். தெரிஞ்சுதா, நீஞ்சிக்கினு வரும். வரும்போதே இதுவும் திருப்பிக் கூப்புடும். இதுவும் ஒரு சரக்க வுடும். அது பட்டுச்சுன்னா வேர்ல கீற முடி இப்படிச் சுருண்டுக்கும்.”

ஆட்காட்டி விரலை மடக்கிக் காட்டினாள். எதையோ பிடித்து உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி.

“வாசனைய வெச்சிக்கினு வருதா?”

“நானும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தேன். மேடம் திட்டுச்சு. மூக்கே இல்லாததுக்கு வாசன ஏதுன்னு.”

“வேற எதுனா பூச்சி பொய்யா கூப்ட்டுக்கினு வந்தா?”

“கதவு தொறக்காது. அந்தப் பதில் சரக்குக்கு வாலு மாதிரி ஒன்னு கீதாம். சோயாவுக்கு ஒரு வாலு, கொண்டக்கடலைக்கு வேற வாலு. மாறிப்போச்சுன்னா, நீ யாருடான்னு செடி கம்முனு இருந்துடும். இல்லாட்டி நோவு வந்துச்சுன்னு நெனச்சி சண்டைக்கு நிக்கும்.”

இது எனக்கு உடனே பிடிபட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எத்தனை கேட்டில் நின்றிருக்கிறேன்! ஹாரன் அடித்தால் திறந்துவிடுவானா? பாஸைக் காட்டு என்பான். உள்ளே போன் போடுவான். வண்டி நம்பரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஓரம் கட்டச் சொல்லிவிடுவான். மண்ணுக்குள்ளேயும் ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

“செடிக்குப் பசி இல்லன்னா?”

“எதுக்குக் கூப்டப்போவுது? யூரியாவ கொட்டினா வயிறு ரொம்பிடும். வயிறு ரொம்பின செடி கூப்டாதுண்ணா.”

“வேர்முடி சுருள்றதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“அத மேடத்தையே கேட்டேன். அதுல இன்னும் பாதி யாருக்கும் தெர்லன்னுச்சு.”

பாதிதான் தெரியும் என்றதும் எனக்கு அரிப்பு அதிகமாகிவிட்டது. மறுநாள் காலையில் என் கொல்லைக்குப் போனேன். வரப்போரம் வீட்டுக்குப் போட்டிருந்த காராமணியில் ஒன்றைப் பிடுங்கினேன். வேரெல்லாம் உருண்டை உருண்டையாக முடிச்சு. இதைத்தான் எங்கள் ஊரில் எல்லோரும் வேரில் வந்த நோய் என்று மருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினேன். உள்ளே சிவப்பு. விரலில் ஒட்டியது அசல் ரத்தக்கறை மாதிரியே இருந்தது.

“நல்லாயிருந்த செடியப் புடுங்கிக்கினு அங்க இன்னா ஜோசியமா பாக்குறே?” என்று என் வீட்டுக்காரி மணியம்மாள் கத்தினாள்.

“இதுக்கு ரத்தம் கீதுடி.”

“ஒனக்கு இருந்தா சரி. நாஷ்டா ஆறுது, வா.”

முந்தின லோடில் மெர்சி புதுவாயலில் இறங்கிக்கொண்டாள். அங்கே அவளுக்கு என்ன வேலை என்பது அடுத்த லோடில் தெரிந்தது. சாம்சனுடைய அப்பா ஆயுசெல்லாம் அடுத்தவன் வயலில் கூலி வேலை செய்து, கடைசியில் முப்பது சென்ட் வாங்கினார். அவர் வாங்கிய மண்ணில் அவரே பயிர் வைக்கவில்லை. செங்கல் சூளைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். பல வருஷம் அங்கே சூளை எரிந்தது. சூளையை மூடிய பிறகு மண் சிவந்து, பொரிந்து, சாம்பலும் உடைந்த செங்கல்லுமாகக் கிடந்தது. அவர் போனபின் நிலம் இரண்டு மகன்களுக்கும் பொது. மூத்தவர் ஜோசப் புதுவாயல் கூட்டுரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். லாரி நிறுத்துகிற யார்டுக்கு அந்த நிலத்தைக் கேட்டு அவரிடம் ஆள் வந்துவிட்டது. ஜோசப்புக்குக் கொடுத்துவிட ஆசை. சாம்சன் எதற்கும் தலையாட்டுகிறவர். மெர்சி ஒருத்திதான் மறித்துக்கொண்டு நின்றாள்.

“சுட்ட மண்ணும்மா அது. சுட்ட மண்ணு செத்த மண்ணு,” என்றார் ஜோசப், டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டே. “எரநூறு லோடு செம்மண்ணு அடிச்சாலும் ஒட்டாது. சுட்ட மண்ணும் பச்ச மண்ணும் ஒட்டாதுன்னு ஒங்க ஊர்ல சொல்ல மாட்டாங்க?”

“செத்துச்சா இல்லையான்னு பாத்துட்டு சொல்லுங்க மாமா.”

“எப்டி பாப்பே? நாடி புடிச்சா?”

“காராமணி போடறேன். பூ எடுக்குறப்ப வேரப் பாப்போம். முடிச்சு வந்து, கிள்ளுனா செவப்பா இருந்துச்சுன்னா மண்ணு உசுரோட கீது. ஒங்க தம்பி பங்குல யாரும் கைவெக்கக் கூடாது. முடிச்சு வரலன்னா நானே அவர கையெழுத்துப் போடச் சொல்றேன்.”

ஜோசப் காற்றுக் குழாயைப் பிடுங்கினார். “யோவ் டிரைவரு, நீயும் கேட்டுக்க. நாளைக்கு மாத்திப் பேசப் போவுது.”

இப்படித்தான் நான் அதில் சாட்சி ஆனேன்.

தை மாதம் விதைத்தோம். உடைந்த செங்கல்லைப் பொறுக்கவே நாலு ஞாயிறு ஆனது. விதை கலக்கும் அன்று மெர்சி வீட்டிலிருந்து வடித்த கஞ்சியைத் தூக்கில் கொண்டுவந்தாள். கஞ்சியில் அந்தக் கருப்புப் பொடியைக் கரைத்து விதையில் பூசினால்தான் ஒட்டும். ஊற்றும் முன் முழங்கையை விட்டுப் பார்த்தாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி. சூடு ஆறியிருந்தது. பூசிய விதையை என் வண்டி நிழலில்தான் உலர்த்தினாள். அப்போது ஒரு பார்வை பார்த்தாள் என்னை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தண்ணீருக்குப் பக்கத்து போர்வெல்காரரைக் கெஞ்சினோம். அவர் கரெண்ட் இல்லை என்கிற நாளில் நான் டிரம்மில் கொண்டுபோய் ஊற்றினேன். எனக்கு எதற்கு இந்த வேலை என்று மணியம்மாள் கேட்டாள். சுட்ட மண்ணில் கூப்பிட்டால் கேட்குமா என்று தெரிய வேண்டும், அதற்குத்தான். வேறு காரணம் இல்லை.

முளைத்தது. ஆனால் வெளுத்துக் கிடந்தது. மஞ்சள் காமாலை வந்த மாதிரி இலைகள். பஞ்சர் கடைக்கு வருகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மெர்சி கவலைப்படவில்லை. “பசிக்குதுண்ணா. இப்பதான் கூப்புடும்,” என்றாள். சாம்சனுக்குத்தான் பொறுக்கவில்லை. அண்ணன் கடையில் டீ குடிக்கப் போனால் எல்லோரும் சேர்ந்து கிண்டல் செய்தார்களாம்.

அதன்பிறகு மெர்சிக்குக் கம்பெனியில் வேலை அதிகம். நாங்கள் ரெண்டு மூணு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. பூ எடுத்துவிட்டது என்று ஜோசப்பே போன் செய்தார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

போய்ப் பார்த்தால் நிலமே மாறியிருந்தது. கரும்பச்சையில் தளதளவென்று நின்றது காராமணி. எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது. சாம்சன் மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஜோசப் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

“செடி ஷோக்காதான் கீது. ஆனா பேச்சு செடியப் பத்தி இல்லையே. வேரக் காட்டு.”

மெர்சி மண்வெட்டியால் சுற்றித் தோண்டி, மண்ணோடு ஒரு செடியை எடுத்து, வாளித் தண்ணீரில் அலசினாள். வேர் வெள்ளையாக, சுத்தமாக, தலைமுடி மாதிரி தொங்கியது. ஒரு முடிச்சு இல்லை. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இல்லை. நான் நடுவிலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன். இல்லை.

  ஜோசப்கூடச் சிரிக்கவில்லை.

“போனா போவுது வுடும்மா. செத்தத எழுப்ப நம்மளால ஆவுமா?” என்றார்.

மெர்சி ஈர வேரைக் கையில் பிடித்தபடி நின்றாள். “நாலு தலைமுறையா அடுத்தவன் மண்ணுலதான் கைய வெச்சோம். நம்ம மண்ணு ஒன்னு இருந்துச்சு, அதையும் சுட்டுட்டோம்,” என்றாள். கையெழுத்துக்கு என்றைக்கு வர வேண்டும் என்று கேட்கத் திரும்பினாள். கேட்கவில்லை. அவள் பார்வை வேரிலிருந்து இலைக்குப் போனது. இலையிலிருந்து மறுபடி வேருக்கு வந்தது.

“அண்ணா, இத்தப் பாரு. முடிச்சும் இல்ல. மண்ணுலயும் சத்து இல்ல. அப்ப இவ்ளோ பச்ச எங்கருந்து வந்துச்சு?”

நான் யோசித்தேன். என் தலைக்குள்ளும் லைட் எரிந்தது.

“யாரோ சோறு போட்டிருக்காங்க,” என்றேன்.

“யாரு?”

நாங்கள் மூன்று பேரும் சாம்சனைப் பார்த்தோம். சாம்சன் வெள்ளைச் சட்டையின் பட்டனைப் பார்த்தார்.

“ஒரு அர மூட்டைதான் மெர்சி. தெளிச்சு வுட்டேன். எல்லாம் சிரிச்சாங்க. நீ வந்து பாத்தா சந்தோசப்படுவியேன்னு...”

“யூரியாவா?”

“யூரியாதான்.”

“வயிறு ரொம்பினா கூப்டாதுன்னு ஒனக்கு எத்தினி வாட்டி சொன்னேன்? தலைய தலைய ஆட்டினியே!”

“அது செடியவா சொன்னே? நான் யாரோ சொந்தக்காரங்கள சொல்றேன்னு நெனச்சேன்.”

ஜோசப் தலையில் அடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து தம்பியைத் தெரியும் அவருக்கு. எனக்குச் சிரிப்பும் பேஜாரும் ஒன்றாக வந்தது. மெர்சிக்கு இரண்டும் வரவில்லை.

“நெலம் பூராவா போட்டே? நல்லா யோசிச்சு சொல்லு.”

“பூராவுந்தான்... அந்தக் கோடி மூலைக்கு மட்டும் போவல. செங்கல் குவியல்ல நாயி குட்டி போட்டுக்கினு இருந்துச்சு. ஒறுமுச்சு.”

மெர்சி ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செங்கல்லை மிதித்துக்கொண்டு. நாய் இப்போது இல்லை. மூலையில் முழங்காலுக்குக் கீழே குட்டையாகப் பத்துப் பதினைந்து செடிகள். யாரும் திரும்பிப் பார்க்காத செடிகள். கீழ் இலைகள் வெளுத்திருந்தன. மேலே கொழுந்து மட்டும் பச்சையாகத் திரும்பியிருந்தது. இப்போதுதான் எங்கிருந்தோ சோறு வர ஆரம்பித்த மாதிரி.

அவள் தோண்டினாள். அலசக்கூட இல்லை. மண்ணை உதறினாள். வேரில் பட்டாணி பட்டாணியாக முடிச்சு.

“மாமா, நீங்களே கிள்ளுங்க. நான் கிள்ளுனா கள்ளாட்டம்னு சொல்வீங்க.”

கிரீஸ் ஏறிய கட்டைவிரல் நகத்தால் ஜோசப் ஒன்றைக் கிள்ளினார். விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“ரத்தமாம்மா இது?”

“ரத்தம் மாதிரி. சுட்ட மண்ணுலதான் மாமா. கூப்டுச்சு, இதுக்குக் கேட்டுச்சு, வந்துச்சு.”

 ஜோசப் கைலியில் விரலைத் துடைத்தார். “உசுரு கீது, ஒத்துக்கறேன். ஆனா எம் பங்க நான் வுட்டுடுவேன். எனக்கு மண்ணுகூட பேசிக்கினு இருக்க டைம் இல்ல.”

சொன்னபடியே ரோட்டோரப் பங்கை யார்டுக்குக் கொடுத்தார். இப்போது அங்கே மதில் இருக்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் பதினைந்து சென்ட். சாம்சன் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த போகம் மெர்சி அதில் மறுபடி காராமணி போட்டாள். யூரியா கடைக்காரரிடம் சாம்சனுக்கு எதுவும் கொடுக்காதே என்று நானே சொல்லிவைத்தேன். முடிச்சு நிலம் முழுக்க வந்தது. முதல் காயைப் பறித்து என் வண்டி முன்சீட்டில் ஒரு பை நிறைய வைத்துவிட்டுப் போனாள். கொலைகாரன் என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

போன ஆனி மாதம் கம்பெனி ஓசூர் பக்கம் மாறியது. உயிர் வளர்க்கிற ரூமுக்குக் கை பழகின ஆள் வேண்டும் என்று காயத்ரி மேடம் மெர்சியையும் கூப்பிட்டார். மகள் ஏஞ்சலும் அங்கேதான் வேலையில் இருந்தாள். சாம்சனுக்கு இங்கே ஷிப்டை விட மனமில்லை. மெர்சியின் பெட்டி படுக்கையை நான்தான் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். சாம்சன் டீ வாங்கப் போனார்.

மெர்சி பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தாள். திறந்து காட்டினாள். ஈரத்துணியில் சுற்றி ஒரு பாக்கெட்.

“அண்ணா, இத மடியில வெச்சிக்கினு போ. இன்ஜின் மேல வெச்சிடாதே. ஊட்ல தண்ணிப் பான பக்கத்துல வையி. ஆடில மழ வுழுந்ததும் நம்ம நெலத்துல காராமணி போடு. கஞ்சி ஆறுனப்புறம் கலக்கு. அந்த மனுசன் கையில எந்த மூட்டையப் பாத்தாலும் புடுங்கி வெச்சிடு.”

“சரிம்மா.”

பஸ் கிளம்பப்போவதாக ஹாரன் அடித்தது. அவள் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“பூ எடுத்ததும் ஒன்னு புடுங்கி, கிள்ளிப் பாத்துட்டு எனக்கு போன் போடு. போட்டோ அனுப்பாதே. போட்டோல அந்தச் செவப்பு சரியா வராது. இன்னா கலருன்னு நீ வாயால சொல்லு.”